டெல்லியில் கேஸ் கீசர் மாட்ட யாரைக் கூப்பிடுவது?

கேள்வி: மயூர் விஹாரில் இருக்கிறோம். வீட்டில் ஐஜிஎல் (டெல்லியில் குழாய் வழி கேஸ் தரும் நிறுவனம்) குழாய் கேஸ் உண்டு. குளிர்காலத்துக்கு முன் கேஸ் கீசர் மாட்ட வேண்டும். தெரிந்த பிளம்பர் போதுமா?

தண்ணீர் வேலைக்குப் போதும், கேஸ் வேலைக்குப் போதாது. மீட்டரிலிருந்து வரும் குழாயில் புது இணைப்பு எடுக்க ஐஜிஎல்லிடமே விண்ணப்பியுங்கள். அவர்கள் அங்கீகரித்த ஆள்தான் அதில் கை வைக்க வேண்டும். கீசரை அதன் கம்பெனி சர்வீஸ் ஆள் மாட்டட்டும்.

வருபவருக்கு விவரம் தெரியுமா என்று பார்க்க, எங்கே மாட்டலாம் என்று கேளுங்கள். "குளியலறைக்குள்ளேயே மாட்டிடலாம் சார், எக்ஸாஸ்ட் ஃபேன் போதும்" என்றால் அனுப்பிவிடுங்கள். மூடிய அறையில் கேஸ் எரிந்தால் ஆக்சிஜன் குறையும். அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உண்டாகும். கேஸ் கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும், இந்த விஷவாயுவுக்கோ வாசனையே கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். தலை சுற்றும்போது கதவைத் திறக்கக்கூடத் தெம்பு இருக்காது. இந்த ஊர் ஜனவரியில் ஜன்னலைத் திறந்துவைத்துக் குளிப்பவர் யார்? கீசரைப் பால்கனியில் மாட்டி, சுடுநீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவரலாம் என்பவரை நம்பலாம்.

அப்புறம், கீசர் பிஎன்ஜிக்கானதா, அதாவது குழாய் கேஸுக்கானதா என்று அவரே கேட்க வேண்டும். சிலிண்டர் கேஸுக்கான கீசரில் கேஸ் வெளிவரும் நாசில் துளை சிறியது, அழுத்தமும் வேறு; அப்படியே இணைத்தால் சுடர் சரியாக வராது.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவி, குமிழி வரவில்லை என்று காட்டச் சொல்லுங்கள். தீக்குச்சி கிழித்துப் பார்ப்பவராக இருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.