தினம் நூறு லிட்டர்: யார் போட்ட இலக்கு இது?

தாராபுரம் வட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதியிருக்கும் வாசகருக்கு வயது 36. நூற்பாலையில் மேற்பார்வையாளராக மாதம் 24,000 ரூபாய் சம்பளம் வாங்குகிறார். சேமிப்பு மூன்று லட்சம் ரூபாய்; பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். வேலையை விட்டுவிட்டு, பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தின்கீழ் 20 லட்சம் ரூபாய் மதிப்பில் இரண்டு மரச்செக்குகள் போட விரும்புகிறார். இயந்திரம் விற்பவர் எழுதிக் கொடுத்த திட்ட அறிக்கையில் தினம் 100 லிட்டர் கடலை எண்ணெய், ஓராண்டில் கடன் அடைப்பு, இரண்டாம் ஆண்டில் அடுத்த கிளை என்று மூன்று இலக்குகள் உள்ளன. இவை எட்டக்கூடியவையா என்றும், மானியத்தை விரைவாக வாங்கித் தருவதற்கு ஒருவர் கேட்கும் 40,000 ரூபாயைக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. இணையத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். முடியாவிட்டால் மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போய்க் கேட்கலாம். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவும் முற்றிலும் இலவசம்தான். அதற்கே இரண்டாயிரம், மூவாயிரம் என்று வசூலிக்கும் தளங்கள் அரசுச் சின்னம் போன்ற ஒன்றைப் போட்டுக்கொண்டு இயங்குகின்றன. உங்கள் கடனை ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் வங்கிக் கிளையின் முடிவு. 40,000 கேட்பவர் அந்த முடிவை மாற்றக்கூடியவர் அல்லர். விண்ணப்பம் தானாகவே தேறிவிட்டால் அது தம்மால் நடந்தது என்பார், தேறாவிட்டால் தொலைபேசியை எடுக்க மாட்டார்.

இனி இலக்குக்கு வருவோம். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு தேவை. 100 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 250 கிலோ. 15 கிலோ பருப்பைச் செக்கில் போட்டு எண்ணெய் பிரித்தெடுக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு செக்குகளும் எட்டு மணி நேரம் இடைவிடாமல் ஓடினாலும் 240 கிலோதான் அரைபடும். மின்சாரம் போகும் நேரத்தையும், செக்கைத் துடைத்துச் சுத்தம் செய்யும் நேரத்தையும், ஆள் வராத நாளையும் அந்த அறிக்கை எழுதியவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. இயந்திரத்தின் உச்சத் திறனை உங்கள் அன்றாட இலக்காக எழுதிக் கொடுத்திருக்கிறார். இயந்திரம் விற்பவருக்கு அது போதும். தவணை கட்டப்போவது அவரல்லவே.

அரைத்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாள் வேலைக்கு 2,500 லிட்டர் எண்ணெய். நான்கு பேர் உள்ள குடும்பம் மாதத்துக்கு மூன்று முதல் நான்கு லிட்டர் சமையல் எண்ணெய் செலவழிக்கும். எனவே 600 முதல் 800 குடும்பங்கள் வேறு எந்த எண்ணெயையும் தொடாமல், ரேஷன் பாமாயிலும் வாங்காமல், உங்களிடம் மட்டுமே வாங்கியாக வேண்டும். உங்கள் ஊரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் அப்படி எத்தனை வீடுகள் உண்டு என்பதை அறிக்கை எழுதியவரைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். எண்ணெயோடு தினமும் 150 கிலோ பிண்ணாக்கும் வெளியேறும்; அதை மாடு வளர்ப்போரிடம் உடனுக்குடன் விற்றாக வேண்டும். கிடப்பில் போட்டால் சிக்கு வாடையும் பூசணமும் பிடித்துவிடும்.

அடுத்தது கொள்முதல் பணம். பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்தால், மாதத்துக்கு ஏழரை லட்சம் ரூபாய்க்குப் பருப்பு வாங்க வேண்டும். வியாபாரி பெரும்பாலும் ரொக்கம் கேட்பார். உங்களிடம் எண்ணெய் வாங்கும் மளிகைக் கடைக்காரர் பதினைந்து நாள், ஒரு மாதம் என்று தவணை சொல்வார். செக்கு ஆலைகள் எண்ணெய் விற்காமல் மூடப்படுவதைக் காட்டிலும், விற்ற எண்ணெய்க்குப் பணம் வராமல் மூடப்படுவதையே நான் மிகுதியாகப் பார்த்திருக்கிறேன். உங்கள் அறிக்கையில் நடைமுறை மூலதனத்துக்கு ஒதுக்கியிருப்பது இரண்டு லட்சம் ரூபாய். அது எட்டு நாள் கொள்முதலுக்குக்கூட முழுதாக வராது.

ஓராண்டில் கடன் அடைப்பு என்பது இந்தத் திட்டத்தின் அடிப்படையையே அறியாதவர் எழுதியது. கிராமப்புறத்தில் உங்கள் பிரிவினருக்கு மானியம் 35 சதவீதம். சொந்தப் பங்கு 5 சதவீதம். 20 லட்சத்தில் ஒரு லட்சத்தை நீங்கள் போட, 19 லட்சத்தை வங்கி தரும். மானியமான ஏழு லட்சம் உங்கள் கைக்கு வராது. அது வங்கியில் உங்கள் பெயரில் வைப்பாக மூன்று ஆண்டுகள் இருக்கும். அந்த வைப்புக்கு வட்டி கிடையாது. அதற்கு ஈடான கடன் தொகைக்கும் வட்டி போடக் கூடாது. மூன்று ஆண்டுகள் தொழில் நடக்கிறது என்று நேரில் பார்த்து உறுதி செய்த பிறகே அது கடனில் கழிக்கப்படும். ஆக, உங்கள் முதல் இலக்கு மூன்று ஆண்டுகள் தொழிலை நிறுத்தாமல் நடத்துவதுதான். மீதி 12 லட்சத்துக்கு 11 சதவீத வட்டி, ஐந்தாண்டுத் தவணை என்று வைத்தால் மாதம் சுமார் 26,000 ரூபாய் கட்ட வேண்டும். செலவெல்லாம் போக லிட்டருக்கு 40 ரூபாய் நிற்கும் என்று தாராளமாகவே கணக்கிட்டாலும், தவணைக்கு மட்டும் மாதம் 650 லிட்டர் விற்றாக வேண்டும். வீட்டுச் செலவு அதற்குப் பிறகுதான்.

ஒரே ஒரு செக்கோடு, எட்டு லட்சம் ரூபாய்த் திட்டமாக இதைச் சுருக்கிப் பாருங்கள். மானியம் 2.8 லட்சம், உங்கள் பங்கு 40,000, வட்டி கட்ட வேண்டிய கடன் 4.8 லட்சம். அதே கணக்கில் மாதத் தவணை 10,500 ரூபாய்க்குள் அடங்கும். தினம் 30 லிட்டர் என்ற இலக்குக்கு ஏறத்தாழ 200 குடும்பங்களும், மாதம் இரண்டேகால் லட்சம் ரூபாய் கொள்முதலும் போதும். முதல் ஆண்டுக்கு இது எட்டக்கூடிய இலக்கு; எளிதானது என்று சொல்ல மாட்டேன்.

இந்தக் கொள்முதல் சுமைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் பகுதிக்கு அது பெரிதும் பொருந்தக்கூடும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சுற்றுவட்டார விவசாயிகள் தங்கள் நிலக்கடலையையும் எள்ளையும் கொப்பரையையும் கொண்டுவந்து கூலிக்கு ஆட்டிப் போகிறார்கள் என்றால், பருப்பு வாங்கும் பணமே உங்களுக்குத் தேவைப்படாது. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி ரொக்கமாகக் கிடைக்கும். கடன் பாக்கி நிற்காது. சிலர் பிண்ணாக்கையும் கூலியில் கழித்துக்கொண்டு விட்டுப் போவார்கள். ஆனால் இதற்கென்று சில தொல்லைகளும் உண்டு. அறுவடை முடிந்த சில மாதங்களில் கூட்டம் அலைமோதும்; மற்ற மாதங்களில் செக்கு சும்மா கிடக்கும். ஒருவருடைய பருப்பு நன்றாகக் காய்ந்திருக்கும், அடுத்தவருடையது ஈரமாக இருக்கும், எண்ணெய் குறைந்தால் இருவருமே உங்களைத்தான் சந்தேகிப்பார்கள். எனவே எடை போட்டுக் காட்டி, அவர் கண்முன்னே ஆட்டித் தர வேண்டும். பூசணம் பிடித்த பருப்பை எவ்வளவு வேண்டியவர் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்புங்கள்; அதில் இருக்கக்கூடிய நச்சு எண்ணெயிலும் இறங்கும். கூலி ஆட்டத்தை மட்டும் நம்பினால் ஆண்டு முழுவதும் தவணை கட்ட முடியாது. சொந்த விற்பனையோடு சேர்த்து நடத்தினால் முதல் இரண்டு ஆண்டுகளைக் கடக்க அது பெரிய துணை. உங்கள் ஊரில் அந்த வழக்கம் இருக்கிறதா என்பதை விண்ணப்பிப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

இயந்திரம் விற்பவர்களிடம் இன்னும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, விலைப்புள்ளியை ஏற்றிப் போட்டுத் தருகிறேன், உங்கள் பங்குப் பணத்தை அதிலேயே சரிக்கட்டிக்கொள்ளலாம் என்பார்கள். ஏற்றிய தொகைக்கும் நீங்கள்தான் கடனாளி. பின்னாளில் நேராய்வில் மாட்டுபவரும் நீங்கள்தான். இரண்டாவது, "எண்ணெய் முழுவதையும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்ற வாக்குறுதி. 2012இல் மோசடி அம்பலமான பெருந்துறைப் பக்கத்து ஈமு கோழித் திட்டங்களில் பணம் போட்டவர்களுக்கும் இப்படித்தான் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்லப்பட்டது. உங்களுக்கு அருகிலுள்ள ஊர்தான். பணம் போனவர்களில் ஒருவரையாவது போய்ப் பார்த்துப் பேசுங்கள்.

வங்கிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாவட்டத்துக்கு இத்தனை பேருக்குக் கடன் என்று மேலிடம் ஓர் எண்ணைக் கொடுக்கிறது. விண்ணப்பங்கள் மாதக்கணக்கில் கிடந்துவிட்டு, நிதியாண்டு முடியும் மார்ச்சில் அவசர அவசரமாக ஒப்புதல் பெறுகின்றன. அந்த அவசரத்தில் 100 லிட்டர் யாரிடம் விற்கும் என்று கேட்க ஒருவரும் இல்லை. குறிப்பிட்ட வரம்பு வரையிலான சிறுதொழில் கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி இருந்தும், வீட்டுப் பத்திரம் கேட்கும் கிளைகள் இருக்கவே செய்கின்றன; கேட்டால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். பயிற்சி வகுப்புகளோ இன்னும் மோசம். பெரிதாகக் கனவு காணச் சொல்லி அரை நாள் பேசுகிறார்கள். பாக்கி வசூலிப்பது எப்படி என்பதற்கு அரை மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை.

வேலையை இப்போது விடாதீர்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு, அருகிலுள்ள செக்கு ஒன்றில் கூலிக்கு ஆட்டி, முத்திரையிட்ட பாட்டிலில் அடைத்து, மூன்று மாதங்கள் உங்கள் பெயரில் விற்றுப் பாருங்கள். கேனிலிருந்து சில்லறையாக ஊற்றி விற்பதை விதிகள் அனுமதிப்பதில்லை. 50 குடும்பங்களுக்குக் கொடுத்து, இரண்டாம் மாதமும் மூன்றாம் மாதமும் அவர்களில் எத்தனை பேர் கேட்டு வாங்குகிறார்கள் என்று எழுதி வையுங்கள். முப்பது பேருக்குமேல் திரும்ப வந்தால் எட்டு லட்சம் ரூபாய்த் திட்டத்தோடு தொழில் மையத்துக்குப் போகலாம். அதுவரை செக்கு எதையும் வாங்கிவிடாதீர்கள், முன்பணமும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே நிறுவி இயங்கும் ஆலைக்கு இந்த மானியம் கிடைக்காது. விகிதங்களும் வரம்புகளும் அவ்வப்போது மாற்றப்படுவதால், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள விதியைத் தொழில் மையத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் ஆண்டுக் கிளையை அறிக்கையிலிருந்து அடித்துவிடுங்கள். மானியம் கடனில் கழிந்த பிறகு, கடையில் பாக்கி எவ்வளவு நிற்கிறது என்ற கணக்கோடு மறுபடி எழுதுங்கள், பார்ப்போம்.