யாருக்காக எடுத்து வைத்தீர்கள்?

கேள்வி: நாங்கள் தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். கணவர் காசிமேட்டில் லோடு வண்டி ஓட்டுகிறார். மகள் ராயபுரத்தில் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளியில் ஆறாவதிலிருந்து தமிழ் வழியில் படித்து, இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கட் ஆஃப் 200க்கு 158. இன்ஜினியரிங்கில் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) படிக்க ஆசைப்படுகிறாள். எங்கள் குடும்பத்தில் டிகிரி படித்தவர்கள் யாரும் இல்லை. அரசு நடத்தும் இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. முதல் பட்டதாரி சலுகை கேட்கவில்லை, அதை மகனுக்கு எடுத்து வைத்திருக்கிறோம். அவன் மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாவது போகிறான். இதற்கிடையில் ஒரு ஏஜென்ட் திருவள்ளூர் பக்கம் ஒரு கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட் (கவுன்சலிங் இல்லாமல் கல்லூரியே நிரப்பும் இடம்) உறுதி என்றார். வருடத்துக்கு 1,30,000, காலேஜ் பஸ்ஸுக்குத் தனியாக 35,000. அவரிடம் 25,000 ரூபாய் அட்வான்ஸும், ஒரிஜினல் மார்க் ஷீட், டி.சி.யும் கொடுத்துவிட்டோம். மீதிப் பணத்துக்கு என் நகையை அடகு வைப்பதா, பேங்க் லோன் வாங்குவதா?

பதில்: நகையா லோனா என்ற கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே அம்மா, "அதை மகனுக்கு எடுத்து வைத்திருக்கிறோம்" என்று. முதலில் அதைப் பேசுவோம்.

எதை எடுத்து வைத்தீர்கள்? அது பீரோவில் பூட்டி வைத்துப் பிறகு எடுத்துக் கொடுக்கும் பட்டுப்புடவை இல்லை. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் என்று வீட்டில் ஒருவரும் பட்டம் வாங்காத நிலையில் முதலில் படிக்கப் போகிறவருக்கு அரசு தரும் சலுகை அது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். உங்கள் வீட்டில் முதலில் படிக்கப் போவது யார்? மகள். இதில் நீங்களோ உங்கள் வீட்டுக்காரரோ முடிவு செய்ய ஒன்றுமில்லை.

சரி, உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். மகன் பிளஸ் டூ முடிக்க நான்கு வருடம். மகள் பி.இ. முடிக்கவும் அதே நான்கு வருடம். அவன் கவுன்சலிங்குக்குப் போய் நிற்கும்போது வீட்டில் ஏற்கெனவே ஒரு பட்டதாரி இருப்பாள். அப்போது எந்த முகத்தோடு "எங்கள் வீட்டில் பட்டதாரி இல்லை" என்று கூட்டு உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போடுவீர்கள்? அவள் அரியர் வைத்தால்தான் இவனுக்குச் சலுகை. அதையா வேண்டிக்கொள்ளப் போகிறீர்கள்? பொய் உறுதிமொழி என்று பிறகு தெரியவந்தால் வாங்கிய சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும், வழக்கும் வரலாம். மகனுக்கென்று எடுத்து வைத்தது மகனுக்கும் ஆகாது, மகளுக்கும் இல்லாமல் போகும்.

அவளுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேளுங்கள். ஆறாவது முதல் பிளஸ் டூ வரை மாநகராட்சிப் பள்ளியிலோ வேறு அரசுப் பள்ளியிலோ படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருந்திருக்கும். அதில் இடம் கிடைப்பவர்களுக்குப் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. உதவி பெறும் பள்ளிக்கு அது கிடையாது. வடசென்னையில் பழைய மிஷன் பள்ளிகளில் படித்த பிள்ளைகளின் வீடுகளில் பலருக்கு இது கடைசி நேரத்தில்தான் தெரிகிறது. ஆக, கட்டணத்தில் அவளுக்கு இருக்கிற பெரிய பிடி முதல் பட்டதாரி சலுகை ஒன்றுதான். சாதி பார்ப்பதில்லை, வருமான வரம்பும் இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கவுன்சலிங் வழியாக வந்த இடத்துக்கு மட்டுமே கிடைக்கும். மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்த்தீர்களானால் அதோடு போயிற்று.

பணக் கணக்கையும் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழக இணைப்பில் உள்ள தனியார் கல்லூரிகளுக்குக் கட்டணக் குழு 2017இல் நிர்ணயித்தது இது: கவுன்சலிங் இடத்துக்கு வருடம் 50,000, என்.பி.ஏ. தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. மேனேஜ்மென்ட் இடத்துக்கு 85,000, தரச்சான்று இருந்தால் 87,000. ஏஜென்ட் கேட்கும் 1,30,000 இதில் எங்கே வருகிறது? நிர்ணயித்ததற்கு மேல் வசூலிப்பதைத் தடுக்க 1992ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தாயிற்று. நான்கு வருடத்துக்கு அவர் கணக்கில் பஸ்ஸோடு சேர்த்து 6,60,000. கவுன்சலிங்கில் கூடிப்போனால் 2,20,000, அதிலும் சலுகை கழியும். காசிமேட்டில் விடியற்காலை மூன்று மணிக்கு வண்டியை எடுக்கிற மனிதரின் உழைப்பு அம்மா இது.

ஆகவே முதல் வேலை, ஒரிஜினல்களைத் திரும்ப வாங்குவது. நாளைக்கே போங்கள். எந்தக் கல்லூரியும் மாணவரின் அசல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. ஏஜென்ட்டுக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது? தர மறுத்தால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுப்பதாகச் சொல்லுங்கள், பெரும்பாலும் அந்தப் பேச்சே போதும். 25,000 ரூபாய்க்குக் கல்லூரி பெயரில் ரசீது இருந்தால், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் (ஏ.ஐ.சி.டி.இ.) அறிவிக்கும் கடைசித் தேதிக்குள் சேர்க்கையை ரத்து செய்து எழுதிக் கொடுங்கள். அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். ஏஜென்ட்டின் ஜிபே நம்பருக்கு அனுப்பியிருந்தால் அந்த விதி உங்களுக்கு உதவாது. ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு அவரிடமே கேட்டு வாங்க வேண்டியதுதான். முழுசாக வராமலும் போகலாம். அந்தப் பணத்தைத் துரத்திக்கொண்டு இன்னும் ஒரு லட்சத்தைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள்.

அடுத்தது இ-சேவை மையம். மகள் பெயரில் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள், கட்டணம் 60 ரூபாய். ஸ்மார்ட் ரேஷன் கார்டு, ஆதார், போட்டோ, மகளின் டி.சி., வீட்டில் மற்றவர்கள் எதுவரை படித்தார்கள் என்பதற்கான சான்று, உறுதிமொழி ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். ஸ்கேன் செய்ய ஒரிஜினலைத்தான் கேட்பார்கள், அதனால்தான் டி.சி.யை முதலில் வாங்கச் சொன்னேன். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.), வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) வழியாக மண்டலத் துணை வட்டாட்சியரிடம் போகும். திரும்பி வருவதற்கு வழக்கமான காரணம் பெயர்தான். ரேஷன் கார்டில் ஒரு எழுத்து, டி.சி.யில் வேறு எழுத்து, இனிஷியல் முன்னும் பின்னும். விண்ணப்பிக்கும் முன்பே ஒப்பிட்டுப் பாருங்கள். சித்தப்பா, அத்தை பிள்ளைகள் பட்டம் வாங்கியிருந்தால் கவலை இல்லை, அவர்கள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் கவுன்சலிங் விண்ணப்பத்தில் "முதல் பட்டதாரி: இல்லை" என்றிருப்பதை மாற்ற வேண்டும். விண்ணப்பிக்கக் கடைசித் தேதி வரை ஆன்லைனிலேயே திருத்தலாம். அது தாண்டிவிட்டால், சான்றிதழ் சரிபார்ப்பு நடக்கும் நாட்களில் உதவி மையத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். இடம் ஒதுக்கிய பிறகு போய் நின்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கல்லூரி விருப்பப் பட்டியல் போடும்போது ஐந்தாறு பெயரோடு நிறுத்திவிடுகிறார்கள். அவள் கட் ஆஃபுக்கு எட்டாதது என்று நினைப்பதையும் மேலே போடுங்கள், நிச்சயம் கிடைக்கும் என்பதைக் கீழே போடுங்கள். பட்டியலில் மேலே இருப்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறிப்பிட்ட நேரத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் அந்த இடம் போய்விடும். காலேஜ் பஸ் 35,000 என்கிறீர்களே, புறநகர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள கல்லூரிகளைத் தேடிப் பட்டியலில் சேருங்கள். பட்டப்படிப்பு வரை மாணவிகளுக்கு இரண்டாம் வகுப்பு சீசன் டிக்கெட்டை ரயில்வே இலவசமாகவே தருகிறது, கல்லூரி சான்று கொடுத்தால் போதும். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை.

புதுமைப்பெண் திட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். 2022 செப்டம்பரில் உங்கள் பக்கத்துப் பாரதி மகளிர் கல்லூரியில்தான் அதைத் தொடங்கி வைத்தார்கள். அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் இருந்தது, பிறகு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் வந்துவிட்டது. மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு அவள் பெயரில் இருக்க வேண்டும், அப்பா பெயரில் இருப்பது செல்லாது.

இப்போது உங்கள் கேள்வி. நகையைத் தொடாதீர்கள். அடகு வட்டி அடுத்த மாதமே ஆரம்பித்துவிடும். சலுகை போக மீதிக் கட்டணத்துக்கு மட்டும் கல்விக் கடன் கேளுங்கள். 4 லட்சம் வரை அடமானமும் வேண்டாம், உங்கள் கைப்பணமாகப் பங்கும் கட்ட வேண்டாம். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்கு நாக் தரச்சான்றோ பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. தரச்சான்றோ இருந்தால், படிக்கும் காலத்து வட்டிக்கு மத்திய அரசின் மானியம் உண்டு. எனவே தரச்சான்று இருக்கிறதா என்பதைப் பட்டியல் போடும்போதே பாருங்கள்.

மகனைப் பற்றி ஒரு வார்த்தை. அவனை மெட்ரிக்கில் சேர்த்தபோதே 7.5 சதவீதத்தை விட்டுக்கொடுத்துவிட்டீர்கள். இவ்வளவு வருடம் அவனுக்குப் பணம் கட்டிப் படிக்க வைத்த வீடு, அவளுக்கு வந்த பெரிய சலுகையையும் அவனுக்கே ஒதுக்குவது எந்த ஊர் நியாயம்? அவன் கல்லூரிக்குப் போகும்போது அவனுக்கும் கல்விக் கடன் இருக்கும், வேலைக்குப் போகிற அக்காவும் இருப்பாள்.

கடைசியாக, கவுன்சலிங் கணக்கில் பதிவாகியிருக்கும் செல்போன் எண் யாருடையது என்று பாருங்கள். அது ஏஜென்ட்டின் எண்ணாகவோ பிரவுசிங் சென்டர் எண்ணாகவோ இருந்தால் ஓ.டி.பி. அங்கேதான் போகும். உங்களுக்குத் தெரியாமலே ஏஜென்ட் தன் கல்லூரியை முதல் விருப்பமாகப் போட்டுப் பட்டியலைப் பூட்டிவிட முடியும். இன்றே எண்ணை மாற்றுங்கள், பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். புதிய பாஸ்வேர்டு மகளிடம் மட்டும் இருக்கட்டும்.