வீடியோவை அழித்தும் சேர்வரில் இடம் வரவில்லையா? புது ஸ்டோரேஜ் வாங்க முன் இதைப் பாருங்கள்

ஹட்டனில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு வேலையோடு கொம்பியூட்டர் வேலையையும் சேர்த்துப் பார்க்கும் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரே சேர்வர், அதில் ப்ரொக்ஸ்மொக்ஸ், அதாவது ஒரு சேர்வருக்குள் பல கணினிகளை ஓட்டும் மென்பொருள். உள்ளே மூன்று விஎம் (மெய்நிகர் கணினி): கணக்குக்கு ஒரு விண்டோஸ் 500 ஜிபி, பைல்களுக்கு ஒரு லினக்ஸ் 1 டிபி, கெமராப் பதிவுக்கு இன்னொரு லினக்ஸ் 1 டிபி. நிஜ டிஸ்க் 2 டிபியில் இரண்டு, ஒன்றுக்கு மற்றது நகல். போன செவ்வாய்க்கிழமை காலை மூன்றும் ஒரேயடியாக நின்று, ஒவ்வொன்றின் பெயருக்குப் பக்கத்திலும் மஞ்சள் முக்கோணம். பாவிக்காமல் கிடந்த சோதனை விஎம் ஒன்றை அழித்ததும் எல்லாம் எழும்பிவிட்டன. பிறகு பழைய கெமரா வீடியோ 400 ஜிபியையும் அழித்திருக்கிறார். கெமரா விஎம்முக்குள் பார்த்தால் இடம் தாராளம், சேர்வரில் பார்த்தால் இன்னும் 97 சதவீதம். கண்டியிலிருந்து வந்த கடைக்காரர் "ஸ்டோரேஜ் முடிஞ்சிருச்சு" என்று நாலரை லட்சம் ரூபாவுக்கு ஒரு குவோட்டேஷன் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுகிறது, என்ன சொல்வது என்று கேட்கிறார்.

வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த நாலரை லட்சத்துச் சாமான் உங்களுக்குத் தேவையில்லை தம்பி.

2 டிபி என்று விற்ற டிஸ்க்கில் சேர்வர் காட்டுவது 1.8தான். கடையில் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள், கணினி 1024ஆல் பெருக்குகிறது, இதில் மட்டும் களவில்லை. சேர்வரின் சொந்தப் பாவனைக்குக் கொஞ்சம் போனால் மிச்சம் 1.7 அளவில் இருக்கும். அந்த 1.7ஐ வைத்துக்கொண்டு மூன்று விஎம்முக்கும் சேர்த்து 2.5 டிபி தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். கல்யாண வீட்டில் 500 பேருக்குக் கார்ட் கொடுத்துவிட்டு மண்டபத்தில் 350 கதிரை போடுவதில்லையா, அதே கணக்குத்தான். இதற்குத் தின் ப்ரொவிஷனிங் என்று பெயர். தப்பான வேலை இல்லை, நானும் செய்கிறேன். ஆனால் மண்டப வாசலில் ஒருவர் நின்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் இடத்தில் பூட்டிக் கொடுத்தவர் அதைச் சொல்லாமலே பில்லை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

சரி, அழித்த 400 ஜிபி எங்கே போனது? ஹட்டன் பஸ்ஸில் ஜன்னல் வழியாக லேஞ்சியைப் போட்டு சீட் பிடிப்பார்களே, அந்த மாதிரி. ஆள் இறங்கிப் போய்விட்டார், லேஞ்சி சீட்டிலேயே கிடக்கிறது, கண்டக்டர் அந்த சீட்டில் ஆள் இருப்பதாகவே நினைக்கிறார். கெமரா விஎம் தன் கொப்பியில் "இந்த இடம் காலி" என்று எழுதிக்கொண்டது, அவ்வளவுதான். சேர்வருக்கு அந்தச் செய்தி போகவில்லை. சோதனை விஎம்மை முழுதாக அழித்தபோது இடம் வந்ததற்குக் காரணம், அதை நீங்கள் சேர்வர் பக்கத்தில் நின்று அழித்ததுதான். ஆகவே இனி விஎம்முக்குள் தெரியும் இடத்தை நம்பாதீர்கள். உங்களை நிறுத்தவோ ஓடவிடவோ போவது சேர்வரில் தெரியும் அந்தச் சதவீத எண்தான்.

அந்தச் செய்தியைச் சொல்லும் வேலைக்குப் பெயர் ட்ரிம். அதற்கு முன் கணக்கு விஎம்மை வெளி டிஸ்க் ஒன்றுக்கு பேக்கப் எடுங்கள். எடுக்கும்போது 'லோக்கல்' என்று காட்டும் இடத்தில் போடாதீர்கள். ப்ரொக்ஸ்மொக்ஸின் வழக்கமான அமைப்பில் அது சேர்வரின் சொந்தப் பகுதி, அது நிரம்பினால் நிர்வாகப் பக்கத்துக்குள் நுழையவே முடியாமல் போகலாம், அப்புறம் அதற்கு வேறு ஒப்பாரி.

அடுத்தது ஸ்னாப்ஷொட், அதாவது விஎம் ஒரு நாளில் இருந்த நிலையை அப்படியே பிடித்து வைப்பது. மூன்று விஎம்மிலும் ஸ்னாப்ஷொட் பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்களிடம் ஒன்றாவது இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். ஸ்னாப்ஷொட் இருக்கும் வரை, எடுத்த நாளில் டிஸ்க் எப்படி இருந்ததோ அந்தக் கட்டங்களை அது பிடித்து வைத்திருக்கும், நீங்கள் உள்ளே என்ன அழித்தாலும் அவை திரும்பி வராது. பண்டாரவளைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் "தொடாதே" என்ற பெயரில் இரண்டு வருடப் பழசு ஒன்று கிடந்தது. யார் எடுத்தது, எதற்கு எடுத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. எடுத்தவர் வேலையை விட்டு டுபாய் போய்விட்டார். பெயருக்குப் பயந்து ஆளுக்காள் அப்படியே விட்டு வைத்திருந்தார்கள், பாதி டிஸ்க்கை அது பிடித்து வைத்திருந்தது. ஸ்னாப்ஷொட் என்பது ஓர் அப்டேட் செய்ய முன் எடுத்து, வேலை சரியாக முடிந்ததும் இரண்டு மூன்று நாளில் அழிக்க வேண்டிய சாமான். அதை பேக்கப் என்று சொல்லி விற்பவரை நம்பாதீர்கள். டிஸ்க் செத்தால் ஸ்னாப்ஷொட்டும் கூடவே சாகும்.

பழைய ஸ்னாப்ஷொட்களை அழித்து முடிந்ததும் ஒவ்வொரு விஎம்மின் டிஸ்க் அமைப்பிலும் 'டிஸ்கார்ட்' (Discard) என்ற பெட்டியில் சரி போடுங்கள். இங்கேதான் பாதிப் பேர் சறுக்குவார்கள். பெட்டியில் சரி போட்டுவிட்டு விஎம்முக்குள்ளே ரீஸ்டார்ட் கொடுப்பார்கள், ஒன்றும் மாறியிருக்காது. அந்த மாற்றம் ஏறுவதற்கு விஎம்மை முழுதாக நிறுத்தி, நிர்வாகப் பக்கத்திலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். பிறகு லினக்ஸ் இரண்டிலும் 'எஃப்எஸ்ட்ரிம்' (fstrim) கட்டளையை எல்லா மவுன்ட்டுக்கும், அதாவது பைல்கள் இருக்கும் எல்லாப் பகுதிக்கும் ஓட்டுங்கள். விண்டோஸில் டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து ப்ரொபர்டீஸ், டூல்ஸ், ஒப்டிமைஸ். கொஞ்ச நேரம் எடுக்கும், பயப்பட வேண்டாம். 400 ஜிபி என்பது உங்கள் 1.7 டிபியில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு, ஆகவே 97 என்ற எண் 75க்குப் பக்கத்தில் இறங்க வேண்டும்.

இதே பிரச்சினைக்கு இணையத்தில் தேடினால் "காலி இடம் முழுதையும் பூச்சியத்தால் நிரப்பு, பிறகு சுருக்கு" என்று ஒரு வைத்தியம் வரும். உங்கள் சேர்வரில் அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். பூச்சியமும் எழுத்துத்தான், அதற்கும் கதிரை வேண்டும். 97இல் நிற்கும்போது காலி இடத்தை நிரப்பத் தொடங்கினால் சில நிமிடத்தில் 100, திரும்பவும் மஞ்சள் முக்கோணம், இந்த முறை கணக்கு டேட்டாபேஸ் எந்த நிலையில் எழும்பும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். அந்த வைத்தியம் வேறு வகை அமைப்புக்கு எழுதியது. வேறு மென்பொருள் வைத்திருக்கும் வாசகர்களுக்கும் பட்டன்களின் பெயர் வேறாக இருக்கும், அதையெல்லாம் இங்கே இழுக்கவில்லை.

பைல் விஎம்மின் 1 டிபியை 500ஆகச் சுருக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். எழுதாத இடம் எதையும் பிடிக்காது, சுருக்கி ஒரு ஜிபியும் லாபமில்லை. வெளியிலிருந்து டிஸ்க்கை வெட்டினால் உள்ளே இருக்கும் பைல் சிஸ்டத்தின் வால் அறுந்து போகும்.

கெமராதான் உங்கள் வீட்டு மூதேவி. தின் ப்ரொவிஷனிங் சரி என்று சொன்னேன், கெமராவுக்கு மட்டும் அது சரியில்லை, இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். கணக்கு விஎம்முக்கு 500 கொடுத்தால் அது வருடக்கணக்கில் 120ஓ 150ஓ பாவிக்கும், மிச்சத்தை மற்றவருக்குக் கொடுக்கலாம், அதுதான் தின்னின் லாபம். கெமராப் பதிவுக்கு 1 டிபி கொடுத்தால் அது 1 டிபியையும் தின்னும், தின்று முடித்த பிறகுதான் பழையதை அழித்துப் புதிதை எழுதும். அதன் வேலையே அது. சாதாரணமாக 2 மெகாபிட் வேகத்தில் பதியும் ஒரு கெமரா நாளைக்கு 21.6 ஜிபி எழுதும். நாலு கெமரா என்றால் 86. ஆக 1 டிபி பன்னிரண்டு நாளில் முடிந்தது. "அசைவு இருந்தால் மட்டும் பதிவு செய்யும்படி போட்டிருக்கிறோம்" என்பீர்கள். கொழும்பில் அது வேலை செய்யும். ஹட்டனில் பின்னேரம் மூடுபனி இறங்கி, கெமராவின் இன்ஃப்ராரெட் வெளிச்சத்தில் அது புகைபோல ஓடினால் கெமராவுக்கு அது அசைவுதான். மழைத் துளியும் அசைவு, லைட்டைச் சுற்றும் பூச்சியும் அசைவு. ராத்திரி முழுக்க யாரும் இல்லாத முற்றத்தைப் பதிந்துகொண்டிருக்கும்.

ஆகவே இன்று ட்ரிம் செய்து 75க்கு இறக்கினாலும், அந்த விஎம் மற்ற இரண்டோடும் பங்குபோடும் அந்த 1.7இல் இருக்கும் வரை கொஞ்ச நாளில் திரும்ப மேலே ஏறும். கெமராவுக்கென்று தனியாக ஒரு நிஜ டிஸ்க் பூட்டி, அதை அந்த விஎம்முக்கே நேராகக் கொடுத்துவிடுங்கள். கண்காணிப்புக் கெமராவுக்கென்றே விற்கும் 4 டிபி டிஸ்க் ஒன்று போதும், நகலும் தேவையில்லை, செத்தால் சில வார வீடியோ போகும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அந்த டிஸ்க்கில் பதிவு ஓடத் தொடங்கியதும் பதிவுக்கென்று இருந்த பழைய 1 டிபி மெய்நிகர் டிஸ்க்கை முழுதாக அழித்துவிடலாம். மிச்சம் இருக்கும் இரண்டுக்கும் கொடுத்த வாக்கு 1.5 டிபி, கையில் 1.7. எல்லாருக்கும் கதிரை இருக்கிறது.

அந்த ஒரு டிஸ்க் வாங்கும்போதும் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். புறக்கோட்டையிலிருந்து கைமாறிக் கைமாறி மலைக்கு ஏறும் டிஸ்க்குகளில் பழையதைத் துடைத்துப் புது உறை போட்டது நிறைய. எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று டிஸ்க்கே எண்ணி வைத்திருக்கும், ப்ரொக்ஸ்மொக்ஸில் டிஸ்க் பக்கத்தில் 'ஸ்மார்ட்' என்ற பட்டனை அழுத்தினால் தெரியும். வருடம் முழுக்க ஓடினால் 8,760 மணித்தியாலம். புதிதென்று கொடுத்தது 35,000 காட்டினால் அது நாலு வருடம் எங்கோ உழைத்துக் களைத்தது. அந்த எண்ணையும் பூச்சியமாக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவிலேயே அப்படித் திருத்திய பழைய சீகேட் டிஸ்க்குகள் புதிதென்று விற்கப்பட்டது பெரிய செய்தியானது. அதனால் காசு கொடுக்க முன் டிஸ்க்கின் மேலே உள்ள சீரியல் இலக்கத்தைத் தயாரிப்பாளரின் உத்தரவாதப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். "கடை வாரண்டி இருக்கு சேர்" என்றால் சிரித்துவிட்டு வெளியே வாருங்கள்.

இன்னொன்று, சேர்வரின் ரூட் பாஸ்வேர்ட், அதாவது முழு அதிகாரமும் தரும் திறப்பு, உங்களிடம் இருக்கிறதா? நீங்கள் எழுதிய விதத்தைப் பார்த்தால் கடைக்காரரிடமும் ஒன்று இருக்கும்போல் தெரிகிறது. உங்கள் சங்கத்தின் காசில் வாங்கிய பெட்டிக்குத் திறப்பை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வருகைக்கும் கட்டணம் எடுப்பது இங்கே ஒரு தொழிலாகவே நடக்கிறது. இதில் கமிட்டிகளுக்கும் பங்கு இருக்கிறது. 4 டிபி டிஸ்க் ஒன்றுக்கு மூன்று குவோட்டேஷன், இரண்டு கையெழுத்து, ஒரு மாத இழுவை. நாலரை லட்சத்துக்கு அச்சடித்த தாளில் ஒருவர் கொண்டுவந்து நீட்டினால் அரை மணி நேரத்தில் அங்கீகாரம். பேக்கப்புக்கு இரண்டாவது வெளி டிஸ்க் கேட்டுப் பாருங்கள், "ஒன்றுதான் இருக்கே" என்பார்கள். 2025 நவம்பரில் டித்வா புயலோடு மலையகத்தில் இத்தனை இடங்களில் மண் சரிந்த பிறகும் இரண்டு பேக்கப்பையும் அதே கட்டடத்து அதே அலுமாரியில் வைப்பவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். உங்களுடையது ஒன்று தலைவர் வீட்டிலாவது இருக்கட்டும்.

கடைசியாக, திங்கள்தோறும் தேத்தண்ணி குடித்துக்கொண்டே விஎம்களின் டிஸ்க்குகள் இருக்கும் 'லோக்கல்-எல்விஎம்' பகுதியின் எண்ணைப் பாருங்கள். டேட்டாவுக்கு ஒன்று, மெட்டாடேட்டாவுக்கு (எது எங்கே இருக்கிறது என்ற குறிப்புக்கு) ஒன்று என இரண்டு சதவீத எண்கள் இருக்கும், எது 80ஐத் தாண்டினாலும் அன்றே ஏதாவது செய்யுங்கள். இரண்டாவது சின்னதாகத் தெரியும், ஆனால் அது நிரம்பினால் திருத்துவது முதலாவதைவிடக் கஷ்டம்.

வெள்ளிக்கிழமை கடைக்காரரிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: 4 டிபி டிஸ்க் ஒன்று மட்டும், சீரியல் இலக்கத்தைப் பில்லில் எழுதி, கூடவே ரூட் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, கமிட்டி முன்னால் உங்கள் கையில். அவர் போன பிறகு அதை மாற்றிவிடுங்கள்.