600 டாலரும் சோம்பேறித்தனமும்

அன்புள்ள ஐயா,

டெக்ஸாஸில் உணவகம் நடத்தும் என் நண்பருக்கு 2021-இல் வேலைக்கு ஆளே கிடைக்கவில்லை. கொரோனாவில் வேலையிழந்தவர்களுக்கு வாரம் 600 டாலர் உதவித்தொகை கொடுத்து அரசே மக்களைக் கெடுத்துவிட்டது என்கிறார். அதை நீட்டிக்கக் குடியரசுக் கட்சி மறுத்தது சரிதானே? நம் ஊர் இலவசங்களும் இதே கதைதானே?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இலவசங்களை இதில் இழுக்காதீர்கள். அது வேறு கணக்கு. அடுப்பை மூட்டிவிட்டு ஆளுக்காகக் காத்திருக்கும் உங்கள் நண்பரின் எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் 600 டாலர் 2020 ஜூலையோடு நின்றுபோயிற்று. 2021-இல் இருந்தது 300. அதையும் டெக்ஸாஸ் ஜூன் 26-இல் நிறுத்தியது. கோபப்படுமுன் தேதியையாவது பார்க்க வேண்டாமா?

அந்த 600 எப்படி வந்தது என்பதே சில நாட்களாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. இழந்த சம்பளத்திற்கு ஏற்ப ஆளாளுக்குக் கணக்கிட்டுக் கொடுக்க மாநிலங்களின் பழைய கணினிகளால் இயலாது என்பதால், சராசரிச் சம்பளத்திற்கும் சராசரி உதவித்தொகைக்கும் இடையிலிருந்த ஏறத்தாழ 600 டாலரை எல்லோருக்கும் ஒரே தொகையாக வைத்தார்கள். குறைந்த கூலிக்காரர்களில் பலருக்குச் சம்பளத்தைவிட அதிகம் கிடைத்தது உண்மை. உதவித்தொகை சம்பளத்தை மிஞ்சக் கூடாது என்ற திருத்தம் 2020 மார்ச்சில் செனட்டில் 48-க்கு 48 என்று தோற்றது. பிறகு அதே அவை மசோதாவை 96-க்கு 0 என்று நிறைவேற்றியது. ஆக, குடியரசுக் கட்சியினரும் கை தூக்கிய தொகைதான் அது.

ஜூலையில் அவர்களே, முதலில் 200 டாலர், பின்பு சம்பளத்தில் 70 சதவீதம் என்று ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். மார்ச்சில் இயலாத கணக்கு ஜூலையில் மட்டும் எப்படி இயலும்? நியூ ஜெர்சி ஆளுநர், அந்தப் பழைய கணினிகளின் நிரல்மொழியான கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று ஊரறியக் கேட்டது அந்த ஏப்ரலில்தான். (2000 பிறந்தால் கணினிகள் தடுமாறும் என்று உலகம் அஞ்சிய ஒய்2கே காலத்தில் கோபோல் படித்து விமானம் ஏறிய நம்மவர்களுக்கு இது சிரிப்பை வரவழைத்திருக்கும்.)

அந்த மாதங்களில் நான் அமெரிக்காவில் மகள் வீட்டில் முடங்கியிருந்தேன். ஓட்டலில் அறை துப்புரவு செய்துவந்த மாடிவீட்டுப் பெண்மணி, விடிந்ததும் உதவித்தொகை அலுவலகத்தை அழைத்து, கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டுப் படிக்கட்டில் வைத்துவிட்டுக் காய் நறுக்குவார். காத்திருப்பு இசை ஓடிக்கொண்டே இருக்கும், பிறகு இணைப்பு அறுந்துவிடும், அவர் கத்தியைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணை அழுத்துவார். சோம்பேறி என்று நீங்கள் எழுதாமல் எழுதிய சொல்லை அவர் முகத்துக்கு நேரே சொல்லிப் பாருங்கள்.

ஜனநாயகக் கட்சியினரையும் நான் விடப்போவதில்லை. இந்த உதவித்தொகை அமைப்பைச் சீர்படுத்த 2021-இல் ஒதுக்கிய 200 கோடி டாலரில் பாதியை, அரசு எவ்வளவு கடன் வாங்கலாம் என்ற 2023-இன் கடன் உச்சவரம்பு பேரத்தில் இரு கட்சியினரும் சேர்ந்தே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். உங்கள் நண்பருக்குக் கோபம் மிச்சமிருந்தால் அதை இதன்மீது காட்டச் சொல்லுங்கள்.