வீட்டு வேலைக்காரியா, வீட்டுப் பிள்ளையா?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. பத்தாம் வகுப்பு முடித்ததும், ஒரு கல்வியாண்டு தங்கிப் படிக்கும் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்கு அனுப்பினோம். போய் ஐந்து வாரம் ஆகிறது. அவளை ஏற்றுக்கொண்ட குடும்பத்தில் தினமும் இரவு பாத்திரம் கழுவச் சொல்கிறார்களாம். துணியைத் தானே துவைத்துக்கொள்ள வேண்டுமாம். அந்த வீட்டுப் பெண்ணோடு ஒரே அறையில் படுக்கிறாள். செவ்வாய், வியாழன் மாலைகளில் அவர்களுடைய ஏழு வயதுப் பையனைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மதியம் வெறும் ரொட்டிதான். போனில் அழுகிறாள். இத்தனை லட்சம் கட்டி அனுப்பியது இதற்குத்தானா? 60,000 ரூபாய் கட்டினால் வேறு குடும்பத்துக்கு மாற்றித் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். கட்டலாமா, அல்லது அழைத்து வந்துவிடலாமா?

பதில்: கட்டாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம். இதை மட்டும் இன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள்.

மாணவியைத் தங்க வைத்திருக்கும் குடும்பத்தை மாற்றுவது, அமெரிக்காவில் இந்தத் திட்டத்தை நடத்தும் ஸ்பான்சர் நிறுவனத்தின் வேலை. இங்கே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஏஜென்டுக்கு அதில் எந்த அதிகாரமும் இல்லை. அந்த 60,000 ரூபாயை வாங்கிக்கொண்டு அவர் செய்யப்போவது ஒரு மின்னஞ்சல் அனுப்புவது. அதே மின்னஞ்சலை உங்கள் மகள் காசில்லாமல் அனுப்பலாம், அதுவும் சரியான ஆளுக்கு. ஒழுங்கான நிறுவனம் எதுவும் குடும்பம் மாற்றுவதற்கென்று தனிக் கட்டணம் கேட்பதில்லை. இந்தத் துறையில் இத்தனை வருடம் இருந்ததில் நான் கண்டது: பிள்ளை அழும் நேரம் பார்த்துத்தான் இந்த ஆட்கள் விலை சொல்வார்கள்.

‘இத்தனை லட்சம் கட்டி’ என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் மனக்கசப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு டாலர்கூட அந்தக் குடும்பத்துக்குப் போகவில்லை. உங்கள் மகள் பரிமாற்றத் திட்டங்களுக்கான ஜே-1 விசாவில் போயிருப்பாள். டி.எஸ்.-2019 என்ற படிவம் அவளிடம் இருந்தால் அதுதான். (ஐ-20 படிவமும் எஃப்-1 என்ற சாதாரண மாணவர் விசாவும் என்றால் அது வேறு கதை. அங்கே குடும்பத்துக்குப் பணம் கொடுப்பது உண்டு.) ஜே-1 பள்ளி மாணவர் திட்டத்தில் தங்க வைக்கும் குடும்பத்துக்குச் சம்பளமோ வாடகையோ கிடையாது. வருமான வரிக் கணக்கு காட்டும்போது, மாணவி படிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் 50 டாலர் வரை கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை இருக்கிறது. பல பத்தாண்டுகளாக அதே 50 டாலர்தான். பாலும் ரொட்டியும் என்ன விலை விற்கின்றன என்று அந்த வரித்துறைக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஆக, உங்கள் மகள் அங்கே பணம் கட்டித் தங்கும் விடுதி மாணவி அல்ல. அந்த வீட்டில் பத்து மாதம் வளரப் போகும் இன்னொரு பிள்ளை. உங்களிடம் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ‘நீங்கள் கட்டும் பணத்தில்தான் அந்தக் குடும்பம் சாப்பாடு போடுகிறது’ என்று சொன்னால்தானே ஏஜென்டின் கட்டணம் நியாயமாகத் தெரியும்! இந்த ஒரு பொய், அங்கே போய் இறங்கும் பிள்ளையின் நடையிலேயே தெரிந்துவிடும். சாப்பிட்ட தட்டை மேசையில் வைத்துவிட்டு மாடிக்குப் போவாள். அந்த வீட்டு அம்மா ஒரு வாரம் பேசாமல் எடுத்து வைப்பார். இரண்டாவது வாரம் முகம் மாறும். மூன்றாவது வாரம் நீங்கள் எனக்குக் கடிதம் எழுதுவீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். எது வீட்டு வேலை, எது சுரண்டல் என்று பார்க்க ஒரே அளவுகோல் போதும்: அந்த வீட்டுப் பெண் என்ன செய்கிறாள்? மகளிடம் கேளுங்கள். ‘நான் பாத்திரம் அடுக்கும்போது அவள் மேசை துடைக்கிறாள், குப்பை எடுத்துப்போகிறாள்’ என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. ‘அவள் டிவி பார்க்கிறாள், நான் மட்டும் செய்கிறேன்’ என்றால் பேச வேண்டும். துணி துவைப்பது என்பது, வாரத்தில் தனக்கு ஒதுக்கிய நாளில் இயந்திரத்தில் போட்டு எடுத்து மடிப்பது. அங்கே பத்து வயதுப் பிள்ளைகள்கூடச் செய்யும் வேலை. பாத்திரம் கழுவுவதும் பெரும்பாலும் தட்டில் ஒட்டியதை அலசிவிட்டு இயந்திரத்தில் வரிசையாக நிறுத்துவதுதான். எந்தத் தட்டு எந்தப் பக்கம் என்பதில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சட்டம் இருக்கும். அதைத் தப்பாக வைத்துத் திட்டு வாங்கித்தான் பாதிப் பிள்ளைகள் முதல் மாதம் அழுகிறார்கள்.

பையனைப் பார்த்துக்கொள்ளும் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. ஜே-1 பள்ளி மாணவர்கள் முழுநேரமாகவோ பகுதிநேரமாகவோ வேலை பார்க்கக் கூடாது என்பது விதி. ஆனால் அதே விதி எப்போதாவது குழந்தையைப் பார்த்துக்கொள்வது, தோட்டத்தில் புல் வெட்டுவது போன்ற சில்லறை வேலைகளை அனுமதிக்கிறது. சிக்கலே இந்த ‘எப்போதாவது’ என்ற சொல்லில்தான். சனிக்கிழமை இரவு பெற்றோர் வெளியே சாப்பிடப் போகும்போது இரண்டு மணி நேரம் பையனோடு இருந்தால் அது எப்போதாவது. வாரம் தவறாமல் செவ்வாய், வியாழன், நான்கு மணி முதல் ஏழு மணி வரை என்றால்? பையனின் பள்ளி பஸ் வந்து நிற்கும் நேரத்துக்கு உங்கள் மகள் வாசலில் நிற்க வேண்டும், அதனால் அவள் விளையாட்டுக் குழுவிலோ இசைக்குழுவிலோ சேர முடியவில்லை என்றால்? என் பார்வையில் அது கோட்டைத் தாண்டிவிட்டது.

ஆனால் அந்த நேரத்தில் அவர்களுடைய மூத்த பெண்ணும் வீட்டில் இருக்கிறாளா? இருந்தால், மூன்று பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள், அவ்வளவுதான். அதற்குப் பெயர் வேலை இல்லை. மூத்தவள் கூடைப்பந்துப் பயிற்சிக்குப் போய்விட, உங்கள் மகளை நம்பித்தான் அந்தத் தாய் பணிநேரத்தை அமைத்திருக்கிறார் என்றால், அதற்குப் பெயர் ஆயா வேலை. இதில் காசு கொடுத்தார்களா இல்லையா என்று பார்க்காதீர்கள். ‘காசு கொடுக்கவில்லை, அதனால் வேலை இல்லை’ என்று சிலர் வாதிடுவார்கள். ‘இருபது டாலர் கொடுத்தார்கள், அதனால் சரிதான்’ என்று சிலர் சமாதானம் ஆவார்கள். இரண்டும் தப்பு. அவள் ‘இன்றைக்கு என்னால் முடியாது’ என்று சொன்னால் அந்த வீட்டில் என்ன நடக்கிறது? கேட்க வேண்டியது அதைத்தான். ‘சரி, வேறு ஏற்பாடு செய்கிறேன்’ என்றால் அது உதவி. வீடு ஸ்தம்பித்து நின்றால் அது உத்தியோகம்.

அறையைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம். அதே பாலினத்தைச் சேர்ந்த இன்னொருவரோடு, ஒரே ஒருவரோடு மட்டும், அறையைப் பகிரலாம் என்று விதியே சொல்கிறது. ஆனால் கட்டில் தனியாக இருக்க வேண்டும். அது காற்றடிக்கும் மெத்தையாகவோ, விரித்தால் படுக்கையாகும் சோபாவாகவோ இருக்கக் கூடாது. துணி வைக்க இடம் வேண்டும், தீப்பிடித்தால் தடையில்லாமல் வெளியேற வழி வேண்டும். மகளை அந்த அறையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், உங்களுக்கே தெரிந்துவிடும்.

சாப்பாடு. ‘வெறும் ரொட்டி’ என்பது பெரும்பாலும் நிலக்கடலை வெண்ணெய் தடவிய இரண்டு துண்டு, ஓர் ஆப்பிள், ஒரு சிப்ஸ் பொட்டலம். அந்த வீட்டுப் பிள்ளைகளின் டப்பாவிலும் அதேதான் இருக்கும். பள்ளியில் மதிய உணவு பதினொன்றரைக்கே முடிந்துவிடும், வீட்டில் இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கே. எட்டரை மணிக்குச் சாப்பிட்டுப் பழகிய பிள்ளைக்கு ஒன்பது மணிக்கு மறுபடி பசிக்கும், கேட்கக் கூச்சமாக இருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் எதையெல்லாம் கேட்காமல் எடுக்கலாம் என்று அவள் வாய்திறந்து கேட்டுவிட்டால் பாதி அழுகை நிற்கும். வாரத்தில் ஒருநாள் அவளே சமைக்கட்டும், அந்தக் குடும்பங்கள் அதை விரும்பவே செய்யும். ஒரு எச்சரிக்கை: தாளிக்கும்போது புகைபோக்கி விசிறியைப் போட்டு ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். நான் அனுப்பிய ஒரு பையன் ரசத்துக்குக் கடுகும் மிளகாயும் தாளித்ததில் கூரையிலிருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலற, வீட்டுக்காரர் துண்டை விசிறிக்கொண்டு ஓட, நாய் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டது.

சரி, யாரிடம் பேசுவது? ஒவ்வொரு மாணவருக்கும் ஸ்பான்சர் நிறுவனம் ஓர் உள்ளூர் ஒருங்கிணைப்பாளரை வைத்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறையாவது அவர் மாணவியோடு பேச வேண்டும். அதில் முதல் மாதச் சந்திப்பு நேரிலேயே நடக்க வேண்டும். ஐந்து வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள். அவர் வந்தாரா? இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். வரவில்லை என்றால் உங்கள் புகாரில் முதல் வரி அதுதான், பாத்திரமெல்லாம் பிறகு. ‘உள்ளூர்’ என்றதும் பக்கத்துத் தெரு என்று நினைத்துவிடாதீர்கள். 120 மைலுக்குள் இருந்தால் போதுமாம். கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர் தொலைவில் இருப்பவரை உள்ளூர்க்காரர் என்று எழுதிய அதிகாரி, பதினாறு வயதுப் பிள்ளை அழுவதைக் கேட்டே இருக்க மாட்டார். அந்த ஒருங்கிணைப்பாளரும் பெரும்பாலும் வேறு வேலை பார்த்துக்கொண்டு, சின்னத் தொகைக்கு இதையும் பார்ப்பவர். அவர் தானாகத் தேடி வருவார் என்று காத்திருக்காமல், மகளை எழுதச் சொல்லுங்கள்.

எழுதுவது அவளாக இருக்கட்டும், நீங்கள் வேண்டாம். ‘கொடுமைப்படுத்துகிறார்கள்’ என்று எழுதினால் ஆறுதல் வார்த்தைதான் பதிலாக வரும். ‘செப்டம்பரில் எட்டு நாள், மாலை நான்கு முதல் ஏழு வரை, பையனோடு நான் மட்டும் இருந்தேன்’ என்று தேதியோடு எழுதினால் யாரும் தட்டிக்கழிக்க முடியாது. முதலில் ஒருங்கிணைப்பாளர் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவார். தீரவில்லை என்றால் வேறு குடும்பம் பார்ப்பார்கள். குடும்பம் மாறுவது இந்தத் திட்டங்களில் சகஜம், அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

இதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாத விஷயங்களும் உண்டு. யாராவது தொடுவது, தவறாகப் பேசுவது, சாப்பாடு மறுப்பது, ‘பத்திரமாக வைக்கிறேன்’ என்று பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது: இவற்றில் ஒன்று நடந்தாலும் அந்த நிமிடமே பேச வேண்டும். ஆபத்தென்றால் 911 என்ற அவசர எண். அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு ஜே-1 மாணவர்களுக்கென்றே ஒரு தொலைபேசி உதவி எண் இருக்கிறது. ஸ்பான்சர் நிறுவனம் கொடுத்திருக்கும் அட்டையில் பார்க்கச் சொல்லுங்கள். பாலியல் புகார் வந்தால் ஸ்பான்சர் அதை உடனே அரசுக்கும் காவல்துறைக்கும் தெரிவித்தாக வேண்டும். மகளிடம் இதை ஒருமுறை நேராகவே கேட்டுவிடுங்கள். தாயாக இருந்தால் தனியாக.

ஏஜென்டைப் பற்றி இன்னும் ஒன்று, பொறுத்துக்கொள்ளுங்கள். யெஸ் என்ற அமெரிக்க அரசின் பரிமாற்றத் திட்டம் 2002இல் தொடங்கியது, தேர்வாகும் மாணவரின் செலவை அரசே ஏற்கும் முழு உதவித்தொகைத் திட்டம். அதற்கு விண்ணப்பம் நிரப்பித் தரக்கூட ஒரு தொகையை வாங்கிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் ஏஜென்ட் அடுத்து ‘இன்னும் ஒரு வருடம் நீட்டித்து அங்கேயே பட்டம் வாங்கலாம்’ என்று சொல்லக்கூடும். ஜே-1 பள்ளித் திட்டம் அதிகபட்சம் ஒரு கல்வியாண்டுதான். அமெரிக்கப் பள்ளிச் சான்றிதழ் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் யாருக்கும் இல்லை.

அழைத்து வந்துவிடலாமா? வரலாம், தடுக்க யாருமில்லை. ஆனால் இரண்டு கணக்கைப் போட்டுப் பாருங்கள். இங்கே பதினொன்றாம் வகுப்பில் காலாண்டுத் தேர்வு முடிந்திருக்கும், இடையில் சேர்ப்பதற்குப் பள்ளி வாசல்களில் நீங்கள் நிற்க வேண்டும். இப்போது திரும்பிவிட்டால் இதே திட்டத்தில் மறுபடி போகவும் முடியாது, ஒருவருக்கு ஒருமுறைதான். நவம்பர் கடைசியில் நன்றி நவிலும் நாள் விருந்து வரும். அதுவரை பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்பது என் யோசனை. அழுதுகொண்டிருந்த பிள்ளைகளில் பலர் அந்த மேசையில் உட்கார்ந்து எழுந்த பிறகு டிக்கெட்டைப் பற்றிப் பேசுவதில்லை.

கடைசியாக, போன். தினமும் இரவு எட்டு மணிக்குக் கூப்பிடுகிறீர்களா? அயோவாவில் அப்போது காலை ஒன்பதரை, அவள் வகுப்பில் இருப்பாள். காலை ஆறு மணிக்குக் கூப்பிட்டால் அங்கே முந்தைய நாள் மாலை ஏழரை, எல்லோரும் சமையலறையில் நிற்கும் நேரம். அவள் மட்டும் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறாள், பாத்திரச் சண்டையில் பாதிக்குக் காரணம் இதுவாகவே இருக்கலாம். வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கூப்பிடுங்கள், அங்கே சனி இரவு எட்டரை. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அடுத்த வாரத்திலிருந்து நீங்கள் காலை எட்டு மணிக்குக் கூப்பிடுங்கள்.