கடவுள் நம்பிக்கை உலகம் முழுக்க உண்டா? ஜப்பானில் யாருமே சாமி கும்பிடுவதில்லையாமே?

வீட்டில் யாரோடோ வாக்குவாதம் செய்துவிட்டுத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "ஜப்பான்காரன் சாமி கும்பிட்டா முன்னேறினான்?" என்று எங்கள் வீட்டிலும் கேட்டிருக்கிறார்கள். நான் ஒசாகாவில் மூன்று வருடம் வேலை பார்த்தவன்.

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையத்தின் கணக்கில், 2020இல் உலக மக்களில் சுமார் 24 சதவீதம் பேர் எந்த மதத்தையும் சேராதவர்கள். அதே மையம் 2021இல் வெளியிட்ட ஆய்வில் இந்தியர்களில் 97 சதவீதம் பேர் கடவுளை நம்புவதாகச் சொன்னார்கள். ஜப்பானில்தான் கணக்கு இடிக்கும். ஆளைக் கேட்டால் பெரும்பாலும் மதம் இல்லை என்பார்கள். கோயில்கள் கொடுக்கும் கணக்கை அரசு தொகுக்கும்போதோ ஷின்டோ என்கிற ஜப்பானின் பூர்வீக மதம், பௌத்தம் எல்லாம் சேர்த்து 16 கோடிக்கு மேல் வருகிறது. நாட்டின் மக்கள்தொகையே பன்னிரண்டரைக் கோடிக்குள்தான். ஒரே ஆள் இரண்டு பக்கமும் எண்ணப்படுகிறார்.

இது எனக்குப் புரிந்தது 2018இல். மதுரையில் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி, ஆபரேஷன். எனக்கு லீவு கிடைக்கவில்லை. ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருந்தவர் முதல் வாரமே "நான் முஷூக்கியோ", அதாவது மதம் இல்லாதவன், என்று சொன்னவர். அவர்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை ரயிலில் இஷிகிரி கோயிலுக்குக் கூட்டிப்போனார். கட்டியைக் கரைக்கும் சாமி என்று அதற்குப் பெயர். சன்னதிக்கு முன்னால் இரண்டு கல் நட்டிருக்கிறார்கள். அவற்றை நூறு முறை சுற்றி வர வேண்டும். கையில் ஒரு கொத்துக் கயிறு, ஒரு சுற்றுக்கு ஒரு கயிற்றை மடக்கிக்கொள்ள வேண்டும். எங்களுக்கு முன்னால் ஒரு பாட்டி வெறுங்காலோடு, வாய் முணுமுணுத்தபடி நடந்தார். எங்கள் அத்தை பிராகாரத்தில் 108 சுற்றுவது அப்படியே கண்ணில் வந்தது. அந்த ஆபீஸ்காரரும் என்னோடு நூறையும் நடந்தார். திரும்பும்போது "நீங்கள் நம்புகிறீர்களா?" என்று கேட்டேன். "அதெல்லாம் யோசித்ததில்லை. உங்கள் அம்மாவுக்கு நல்லாகணும்" என்றார்.

ஜப்பானியர் எல்லாரும் ஆத்திகர்கள் என்று நான் சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். நூறு சுற்றினால் கட்டி கரையும் என்றும் சொல்லவில்லை. அம்மாவைக் காப்பாற்றியது டாக்டர்தான். "நம்புகிறாயா" என்று மட்டும் கேட்டு எடுக்கிற எண்ணிக்கையில் அந்த மனிதர் எந்தப் பக்கம் வருவார் என்பதுதான் என் கேள்வி.

நான் நாத்திகர்களுக்கு எதிரியும் இல்லை. ஒழுக்கமாக இருக்கக் கடவுள் நம்பிக்கை தேவையா என்று 2019இல் அதே பியூ மையத்தார் 34 நாடுகளில் கேட்டார்கள். இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் 96 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள், சுவீடனில் வெறும் 9. என்னைக் கேட்டால் நான் சுவீடன் பக்கம். என் சித்தப்பா கருப்புச் சட்டைக்காரர். நான் ஊரில் இல்லாத அந்தப் பத்து நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தவர் அவர்தான். இரண்டு யூனிட் ரத்தத்துக்கு ஆள் பிடித்து வந்ததும் அவர்தான். பக்திமான்களான சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு அரை மணி நேரம் வந்து போனார்கள். அடுத்த வருடம் அவர்களில் ஒருவர் வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் சித்தப்பா பெயரை மட்டும் போடவில்லை. "ஹோமம் நடக்கிற இடத்தில் அவர் எதுக்கு?" என்றார்களாம். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை, அந்த வீட்டு வாசலை நான் இதுவரை மிதிக்கவில்லை.