உறைபனியில் கோழிக்கூண்டு: திறப்புகளை அடைக்கலாமா?

கேள்வி: குளிர் உறைநிலைக்குக் கீழே போவதால் இரவில் கூண்டை முழுக்க அடைத்துவிடுகிறோம். ஆனாலும் காலையில் உள்சுவரெல்லாம் ஈரம். சேவலின் கொண்டை நுனியும் கறுத்துவிட்டது. சூட்டு விளக்கு மாட்டலாமா?

பதில்: வேண்டாம். கொண்டையைக் கெடுத்தது குளிர் மட்டுமல்ல, அடைபட்ட ஈரமும்தான். மூச்சிலும் எச்சத்திலும் இரவு முழுக்க ஈரம் வெளியேறிக்கொண்டே இருக்கும். போக வழியில்லாவிட்டால் சுவரிலும் கொண்டையிலும் படியும். கூரையை ஒட்டி, எதிரெதிர்ச் சுவர்களில், கோழிகள் அமரும் கட்டையைவிட ஓர் அடியாவது உயரத்தில் திறப்பு வையுங்கள். அரை அங்குலக் கம்பி வலை அடித்து, பனி நுழையாதபடி மேலே ஒரு சாய்வுப் பலகை. கட்டை மட்டத்தில் உள்ள இடுக்குகளை மட்டும் அடையுங்கள். உடம்பில் நேராகக் காற்று படக் கூடாது.

கட்டைக்கு உருண்டைக் கம்பு வேண்டாம், உலோகக் குழாய் கூடவே கூடாது. 4 அங்குல அகலப் பலகையின் தட்டைப் பக்கம் மேலே இருந்தால், கோழி உட்காரும்போது விரல்கள் இறகுக்குள் மறைந்துவிடும். தரையில் 6 அங்குலத்துக்கு மரச்சீவல். இரவில் தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்துவிடலாம். இருட்டில் அவை குடிப்பதில்லை.

விளக்கு ஒருமுறை சீவலில் விழுந்தால் கூண்டே மிஞ்சாது. கறுத்த நுனியைத் தேய்க்கவோ வெட்டவோ வேண்டாம். வீக்கமோ சீழோ தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.